மலைக்கு எவ்வளவு மெமரி

கட்டடப் படம் போடக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று இந்த ஊரில் யாராவது கேட்டால், நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன். படத்தில் மலை வருமா? வராது என்றால் கடைக்காரர் காட்டுவதை வாங்கிக்கொண்டு போகலாம். வரும் என்றால் உட்காருங்கள், கொஞ்சம் பேச வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருவண்ணாமலையில் லாட்ஜ் கட்டுகிறவரானாலும் கல்யாண மண்டபம் கட்டுகிறவரானாலும், கட்டடத்தின் படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது, "மலை எங்க சார்?" என்பதுதான். கையால் வரைந்த காலத்தில் எனக்கு அது சிரமமாக இருந்ததில்லை. கட்டடத்தை மையால் போட்டுவிட்டுப் பின்னால் பென்சிலால் நாலு கோடு இழுப்பேன். ஆனால் அந்த நாலு கோட்டையும் சும்மா இழுத்ததில்லை. மனை எந்தப் பக்கமோ அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்துதான் இழுப்பேன். கோயில் பக்கமிருந்து பார்த்தால் மலை ஒற்றைச் சிகரமாக நிமிர்ந்து நிற்கும். மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் நடக்க நடக்க அதன் தோள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மலைக்கு மேற்கே அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தால் அது வேறு ஒரு மலை. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில் ஒருவன் தப்புச் செய்தால், தெரியாத விஷயத்தில் அவனை யார் நம்புவார்கள்?

நான் அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது என் பழக்கம். ஒரு வீட்டுக்குள் போனால் ஜன்னல் கம்பிகளை எண்ணாமல் என்னால் உட்கார முடியாது. என் மனைவிக்கு இது பிடிக்காது. ஓய்வுக்குப் பிறகு அவளுடைய தம்பியோடு சேர்ந்து தொழில் செய்தேன். அவன் கட்டட கான்ட்ராக்டர். அவன் ஆள் பிடிப்பான், கட்டுவான். நான் பிளான் போடுவேன். எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். "எங்க மாமா போட்டா ஒரு இஞ்ச் தப்பாதுங்க" என்று சொல்லியே அவன் எல்லா வேலைகளையும் பிடித்தான். பக்கத்தில் நின்று அதைக் கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். பிடிக்காமலும் இல்லை.

இரண்டாயிரமாவது ஆண்டில் அடி அண்ணாமலை லாட்ஜ் வேலை வந்தது. முதலாளி கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். கிரிவலப் பாதையை ஒட்டி, மலைக்கு எதிர்ப்புறமாக மனை வாங்கியிருந்தார். பாதையில் முகம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். முதல் நாள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து அவர் சொன்னது இது:

"எந்த ரூம்ல படுத்தாலும் ஜன்னல்ல மலை தெரியணும் சார். ஜனம் அதுக்குத்தான் வருது. மத்ததெல்லாம் நீங்க பாத்து செய்ங்க."

அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த மனையில் வழக்கம் போல நடுவில் தாழ்வாரம், இரு பக்கமும் அறை என்று போட்டால், ஜன்னல்கள் எல்லாம் பக்கத்து மனைகளைப் பார்க்கும். முகப்பில் இருக்கிற அறைகளுக்கு மட்டும்தான் மலை. ஆகவே ஒவ்வொரு அறையையும் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினேன். மேலிருந்து பார்த்தால் கட்டடத்தின் இரண்டு பக்கமும் ரம்பத்தின் பல் போல இருக்கும். பதினோரு தாள் கிழித்தேன். பன்னிரண்டாவதில் எல்லா ஜன்னலும் மலையைப் பார்த்தன. முப்பத்தாறு அறை வரவேண்டிய இடத்தில் இருபத்தாறுதான் வந்தது. ஆனாலும் நான் வாழ்நாளில் போட்ட பிளான்களில் அதுதான் நல்ல பிளான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

முதலாளி தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். "கோடு கோடா இருக்குது சார். எனக்கு இதுல ரூமே தெரியல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கோட்டில் தெரியாததைப் படமாகக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் அவர் தாழ்வாரக் கட்டடத்துக்குப் போய்விடுவார், என் பன்னிரண்டாவது தாளும் கிழிந்ததோடு சேர்ந்துவிடும். மச்சான்தான் வழி சொன்னான்.

"கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிடலாம் மாமா. மெட்ராஸ்ல ரூமுக்குள்ள நின்னு ஜன்னல் வழியா பாக்கற மாதிரியே காட்டறாங்களாம். நாமளும் ஒண்ணு வாங்கிடலாம். இன்னா வாங்கறதுன்னு மட்டும் நீங்க பாருங்க."

எனக்கு அப்போது அறுபது கடந்துவிட்டது. பத்திரிகைகள் வாங்கிப் படித்தேன். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, என்னைவிட நாற்பது வயது சின்னவர்களோடு உட்கார்ந்து மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிளானைச் சுவராகவும் ஜன்னலாகவும் எழுப்பி நிறுத்துவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. அளவு தெரிந்தவனுக்கு அது அளவுதான். கட்டடத்துக்கு வெளிச்சமும் நிழலும் போட்டுப் படமாக எடுக்கச் சொன்னால், அந்த சென்டர் மெஷின் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

பிறகு மலையை வைத்தேன். சர்வே வரைபடத்தில் உயரக் கோடுகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நகலெடுத்து ஏற்றினால் கம்ப்யூட்டர் அதை முக்கோணம் முக்கோணமாக மலையாக்கிவிடும். எண்பதாயிரம் முக்கோணம் வந்தது. படம் எடுக்கச் சொன்னதும் மெஷினின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. உள்ளே வேர்க்கடலை வறுக்கிற மாதிரி சத்தம். சென்டர்காரர் ஓடி வந்தார்.

"இன்னா சார் போட்டீங்க உள்ள?"

"மலை."

"மலையவா?" அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "அது நம்மால ஆகாது சார். அவரை அவர் இடத்துலயே விட்டுட்டு ஆஃப் பண்ணிடுங்க."

என்ன நடக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மெஷின் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் மெமரியில் வைத்துக்கொள்ளும். மெமரி நிரம்பிவிட்டால் மீதியை ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த எழுத்துச் சத்தம்தான் வேர்க்கடலை. பிராசசர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை, டிஸ்குக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் மெமரி, அடுத்தது பிராசசர். கிராபிக்ஸ் கார்டு, நாம் கட்டடத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போது திக்காமல் இருக்க உதவும். கடைசிப் படத்தை எடுப்பதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த மூன்று வரி எனக்குப் பிடிபட மூன்று மாதம் ஆனது.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு நானும் மச்சானும் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஒரு கார்டைக் காட்டினார். "இதைப் போட்டீங்கன்னா கேம்ஸ் எல்லாம் அப்டியே பறக்கும் சார்."

"கட்டடம் பறக்க வேண்டாம். நின்றால் போதும். மெமரியைக் காட்டுங்கள்" என்றேன்.

மச்சானின் கண் பெரிய மானிட்டர் மேலேயே இருந்தது. "பத்தொன்பது இஞ்ச் எடுத்துடலாம் மாமா. வர்றவன் மானிட்டரத்தான் பாப்பான். டப்பா உள்ள இன்னா கீதுன்னு யாரு பாக்கப் போறா?"

பார்க்கப்படாததுதான் வேலை செய்கிறது என்று நான் அந்தக் கடையிலேயே நின்று விளக்கினேன். ஐநூற்றுப் பன்னிரண்டு மெகாபைட். அந்தக் காலத்தில் அது கேட்டவர்கள் சிரிக்கிற எண். கடைக்காரரே, "ஆபீசுக்கா சார், ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கா?" என்று கேட்டார். கடைசியில் மச்சான் கையை விரித்தான். "சரி மாமா, நீங்க சொல்றதே." மானிட்டர் பதினைந்து இஞ்சாக இறங்கியது. என் பேச்சை ஒருவன் முழுக்கக் கேட்டு நடந்தான் என்பதில் எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கடையில் பாகங்களைச் சேர்த்து மெஷினாக்கித் தர ஒரு நாள் தாமதமானதால், ஊருக்குத் திரும்பியது பௌர்ணமியன்று. பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ உள்ளே போகாது. மச்சான் மானிட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்குள் நுழைந்தான். நான் மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். எதிரே வந்த ஒரு அம்மாள், "டிவியாங்க? பாதையில எந்தக் கடையில வெக்கப் போறீங்க?" என்று கேட்டாள். "வீட்டுக்குங்க. எங்க மாமாவுக்கு" என்றான். வீடு போய்ச் சேரும்வரை அவன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "உங்களுக்கு இன்னாத்துக்கு மாமா, நான் இருக்கறப்ப" என்றான். இதையும் எழுதியாக வேண்டும். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கே வழியில்லை.

இருபத்தாறு அறைக்கும் இருபத்தாறு ஜன்னல் படம் எடுத்தேன். ஒவ்வொரு அறையிலும் படுக்கை உயரத்தில் கண்ணை வைத்து, ஜன்னல் வழியாக மலை. ஒரு படத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும். வேர்க்கடலைச் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. திரையில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படம் இறங்கும். முதல் அறையில் மலையின் தோள் தெரிந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா, அடி அண்ணாமலை மாதிரிதான் இருக்குது" என்றாள். அதற்கு மேல் எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

முதலாளிக்குக் காட்டுவதற்குள் வேலூரில் என் தங்கை மகள் கல்யாணம் வந்தது. மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் மட்டும் போய் நாலு நாள் கழித்து வந்தேன். மெஷினைப் போட்டதும் ஹார்டு டிஸ்கில் காலி இடம் குறைந்திருப்பதைப் பார்த்தேன். தினமும் அதைப் பார்த்து வைக்கிறவன் நான். மச்சானிடம் கேட்டேன். "வைரஸா இருக்கும் மாமா. இப்பல்லாம் ஜாஸ்தியா வருது" என்றான். நம்பினேன். முதலாளிக்கு எப்போது காட்டலாம் என்றேன். முதலாளி ஊரில் இல்லை என்றான். அப்புறம் ஆடி மாதம் என்றான். ஆடி போனது. "அறுவடை நேரம் மாமா, மனுஷன் ஆலையை விட்டு நகர மாட்டேங்கறாரு" என்றான்.

ஒரு நாள் காலையில் டவுன் பஸ் ஏறி அடி அண்ணாமலைக்கு நானே போனேன். பக்கத்து மனையின் புளியமரம் இரண்டாம் மாடி ஜன்னலை மறைக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம், உயரம் பார்க்க வேண்டியிருந்தது. மனையில் சுண்ணாம்புத் தூளால் அஸ்திவாரக் கோடு போட்டிருந்தார்கள். நீளமாக, நேராக, இரண்டு கோடு. நடுவில் தாழ்வாரம். ஒரு பல்கூட இல்லை.

பாதையோரம் ஒரு பெரிய போர்டு நட்டிருந்தார்கள். அதில் லாட்ஜின் படம். நேர்க் கட்டடம். அதற்குப் பின்னால் வானத்தை முட்டிக்கொண்டு மலை.

நான் நின்று அதிலிருந்த தப்புகளை எண்ணினேன். ஒன்று, அந்த இடத்தில் லாட்ஜைப் பார்த்து நிற்கிறவனுக்கு மலை முதுகுப் பக்கம் இருக்கிறது. லாட்ஜுக்குப் பின்னால் இருப்பது கரும்புக் கொல்லை. இரண்டு, அது கோயில் பக்கத்து மலை, ஒற்றைச் சிகரம், ஏதோ ஒரு போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியது. மூன்று, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அடி அண்ணாமலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறும், இறங்காது. கட்டடத்தைத் தவிர மற்றதெல்லாம் என்னுடையது. நான் ஒவ்வொன்றாக நட்ட தென்னை, நான் வைத்த சுற்றுச்சுவர் விளக்கு, நான் விழவைத்த நிழல். கீழ் மூலையில், வடிவமைப்பு என்று போட்டு, என் பெயர்.

முதலாளி கம்பி இறக்குகிற லாரி பக்கத்திலிருந்து வந்தார். "வாங்க சார். போர்டு பாத்தீங்களா? ஜம்முனு கீதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"மலை தப்பாக இருக்கிறதுங்க."

"எனக்குத் தெரியாதா சார்? பௌர்ணமி தவறாம சுத்தறவன் நானு." அவர் கோபப்படவில்லை. "ரூம் எடுக்கறவன் நம்ம ஊர்க்காரனா? பெங்களூருல இருந்து வர்றவனுக்கு மலைனா இதான். நாம ஏன் அவனைக் கொழப்பணும்?"

"எல்லா ரூமிலும் தெரியணும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"சொன்னேன். பத்து ரூம் கம்மி ஆவும்னு அப்ப தெரியாதே."

"ஜன்னல் படங்களைப் பார்த்துமா இந்த முடிவு?"

"எந்த ஜன்னல் படம்?" என்றார் முதலாளி.

அவர் நடிக்கவில்லை. அவருக்கு யாரும் காட்டவே இல்லை. இருபத்தாறு படத்தில் ஒன்றைக்கூட. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பிறகு சரியாகியிருப்பேன். புளியமரத்தின் உயரத்தைப் பார்க்காமலே பஸ் ஏறினேன்.

மச்சான் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் சொல்வதற்கு முன்பே அவனுக்கு என் முகத்தில் தெரிந்துவிட்டது.

"அவருக்குக் காட்டவே இல்லையாடா?"

"காட்டினா அவருக்குப் பிடிச்சிருக்கும் மாமா. அதான் பயம். பத்து ரூம் போனா அந்த வேலை எனக்குக் கட்டுபடியாகாது. அவருக்கும் நாளைக்குத்தான் ஒறைக்கும்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

அவன் மீதி டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"என் பேரை எதற்குப் போட்டாய்?"

"என் பேர யாரு மாமா நம்புவா? உங்க பேரு இருந்தாத்தான் சரியா இருக்கும்னு ஊருல நெனைப்பாங்க." அவன் குரலில் கேலி இல்லை. என்னைச் சமாதானப்படுத்த நினைத்துத்தான் அடுத்ததையும் சொன்னான். "நீங்க அன்னிக்கு மெமரி ஜாஸ்தியா போடச் சொன்னது நல்லதாப் போச்சு. எவ்ளோ பெரிய போட்டோ தெரியுமா அது? வேற மெஷின்னா தொங்கிட்டிருக்கும்னு படம் ஒட்ட வந்தவனே சொன்னான்."

"எங்கே வந்தான்? எப்போது?"

மச்சான் உள்பக்கம் பார்த்தான். மனைவி கதவருகில் நின்றிருந்தாள். நான் வேலூரில் இருந்த நாலு நாளும் இந்த முன்னறையில், இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்த வேலை நடந்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"காபி போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தம்பி சொன்னான்." பிறகு அவளே கேட்டாள். "ஒத்துக்குவீங்களா?"

மாட்டேன் என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போர்டில் என் பெயர் மேல் காகிதம் ஒட்ட வைத்தேன். மழையில் அது கரைந்து போனது. அதற்குள் அதே படத்தைப் போட்டு நோட்டீசும் அச்சாகிவிட்டது. லாட்ஜ் திறப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மனைவி, "நாம போகலன்னா தம்பிக்கு அசிங்கம்" என்றாள். போனேன். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கீழே பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடிக்கு ஏறினேன். தாழ்வாரத்தின் இரு பக்கமும் கதவுகள். ஒரு அறை திறந்திருந்தது. அன்றே வந்து தங்கிய ஒரு குடும்பம். அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து கம்பி வழியாகப் பக்கத்து மனையின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை லாட்ஜ்காரர் என்று நினைத்துவிட்டார் போல.

"ஏங்க, மலை எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினேன். சுவரைத்தான் காட்ட முடிந்தது.

அவர் மேசை மேலிருந்த நோட்டீசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பின்னாடி போட்டிருக்காங்க. பின்னாடி கரும்புதானே இருக்கு? யாருங்க இதைப் போட்டது? இந்த ஊரை அந்த ஆள் பாத்தே இருக்க மாட்டார் போல."

"மொட்டை மாடிக்குப் போங்கம்மா. அங்கே நன்றாகத் தெரியும்" என்றேன். கீழே இறங்கி வரும்போது ஒவ்வொரு மாடியிலும் மலை தெரியாத ஜன்னல்களை எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த லாட்ஜில் இன்றும் பௌர்ணமிக்கு இடம் கிடைப்பதில்லை. மச்சானுக்கு அதன் பிறகு நிறைய வேலை வந்தது. எங்களுக்குள் பேச்சு நின்றுபோகவில்லை. ஒரே குடும்பத்தில் அப்படியெல்லாம் முடியாது. பொங்கலுக்கு வருவான், கால் வலிக்கு எண்ணெய் வாங்கி வருவான். ஆனால் நான் அவனுக்குப் பிளான் போடுவதில்லை. நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள், தன்னுடைய புது ஆபீசுக்குப் புது மெஷின் எடுக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தான்.

"நீங்கதான் பாத்து சொல்லணும் மாமா. மத்தவன் சொன்னா எனக்கு நம்பிக்கை வராது."

சொன்னேன். மெமரி எவ்வளவு, பிராசசர் எது, கார்டுக்கு எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன். தப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை. என் பெயரை எதிலும் போடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"சத்தியமா போட மாட்டேன் மாமா" என்றான்.

இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதும் வரும்போதும், வழியில் கட்டடப் படம் போட்ட போர்டு எங்கே இருந்தாலும் நின்றுவிடுகிறேன். கட்டடத்தையும் மலையையும் பார்ப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழ் மூலையைப் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.